எதிராளிக்கு எடுத்துக் கொடுத்த வரி

ஜனவரி 12

அன்புத் தங்கைக்கு,

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். வரும் ஆண்டுக்கான அரசு பட்ஜெட் வரைவில் நாடகக் குழுக்களுக்கான மானியம் இல்லை. குறைக்கவில்லை, அடியோடு எடுத்துவிட்டார்கள். நிதிக் குழுச் செயலரின் மேசையில் இருந்த நகலை நேற்று மாலை என் கண்ணால் பார்த்தேன். நிதித்துறை அதிகாரி ஒருவரிடமும் கேட்டேன், ஆமாம் என்றார். நாளைக் காலை எங்கள் பத்திரிகையில் வருகிறது, உள்பக்கத்தில், ஒரு குக்கர் விளம்பரத்துக்குக் கீழே. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது உங்கள் நாடகக் குழு மேனேஜர் அதைப் படித்துக் கூச்சல் போட்டு முடித்திருப்பார்.

இன்னும் கதவு மூடவில்லை. பாதிக்கப்படுகிறவர்களை அழைத்து விசாரித்துவிட்டுத்தான் நிதிக் குழு சட்டமன்றத்துக்குப் பரிந்துரை அனுப்பும். பிறகு அவையில் வாக்கெடுப்பு. விசாரணை மார்ச்சில் இருக்கலாம் என்கிறார்கள். தேதி குறிக்கவில்லை.

இனி நலம். முழங்காலைத் தவிர எனக்கு எல்லாம் சௌக்கியம். உன் அண்ணிக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. என்னைத் திட்டும்போது வாங்குவதில்லை. உனக்கு இருமல் விட்டதா?

ஒரு வேண்டுகோள். இந்த விஷயத்தைப் போனில் பேச வேண்டாம். போனில் பேசுவது காற்றோடு போய்விடும். எழுது. நான் விடுதியில் படித்தபோது வாரம் தவறாமல் எழுதிக்கொண்டோமே, அந்த மாதிரி.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அண்ணன்


ஜனவரி 21

அன்பு அண்ணா,

கடிதத்தைக்கூடச் செய்தி மாதிரிதான் ஆரம்பிப்பாயா? உன்னிடம் கல்யாணப் பத்திரிகை எழுதக் கொடுத்தால் 'நம்பத்தகுந்த வட்டாரங்களின்படி மணமகன் வருவார்' என்று போடுவாய். நலமா என்று முதல் வரியில் கேட்டால் பத்திரிகை விற்காதா?

இருமல் விட்டுவிட்டது. வசனம் எடுத்துக் கொடுக்கிறவளுக்கு இருமல் வந்தால் என்ன ஆகும் என்று போன வாரம் ஊருக்கே தெரிந்தது. ராஜா வேஷக்காரர் ஒரு வரியை மறந்துவிட்டுப் பக்கத்திரைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். நான் இருமுகிறேன். அவர் அதையே வசனமென்று நினைத்து மேடையில் இருமினார். கைதட்டல் வேறு.

மேனேஜர் கூச்சல் போடவில்லை, அண்ணா. அதுதான் பயமாக இருக்கிறது. பத்திரிகையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். இப்போதைய மானியம் ஜூனோடு முடிகிறது. அடுத்தது வராவிட்டால் இந்த வருஷத்தோடு அரங்கத்தை மூட வேண்டியதுதான். நாற்காலி, கட்டில் விற்கிற ஒருவர் கட்டடத்தை விலைக்குக் கேட்டு ரொம்ப நாளாகிறது. முன்பு மரக்கிடங்காக இருந்த இடம்தானே, மறுபடி மரச்சாமானுக்கே போகட்டும் என்று அவரே ஒரு நியாயமும் வைத்திருக்கிறார்.

எனக்கு மேடைக்கு இடது பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல், ஒரு சின்ன விளக்கு. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அதுதான் என் இடம். அவர் போன பிறகும் நான் தினமும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதற்கு அந்த ஸ்டூல்தான் காரணம். இதற்கு மேல் எழுதினால் நீ 'ஆதாரம் எங்கே' என்பாய்.

நீ உன் பத்திரிகையில் எங்களுக்காக நாலு வரி நல்லபடியாக எழுத மாட்டாயா? எழுத மாட்டாய் என்று தெரியும். கேட்காமல் விட்டால் மேனேஜர் என்னை விட மாட்டார், அதனால் கேட்டுவிட்டேன்.

அண்ணியை மெதுவாகப் படி ஏறச் சொல்.
உன் தங்கை


பிப்ரவரி 3

அன்புத் தங்கைக்கு,

மேனேஜரிடம் சொல்லிவிடு: எழுத மாட்டேன். அப்பா ஓட்டிய பஸ் விளக்குக் கம்பத்தில் மோதியபோது 'ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம்' என்று எழுதியவன் நான். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. உனக்காக மாற்றி எழுதினால் அவர் எழுந்து வந்து ஏனென்று கேட்பார்.

நீ என் தங்கை என்பதை ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். 'நிதிக் குழுவுக்குப் போகிற ஆள் நீ ஒருத்தன்தான். நடந்ததை நடந்தபடி எழுது, போதும்' என்றார்.

எழுதத்தான் மாட்டேன், யோசனை சொல்லலாம். விசாரணைக்கு நடிகரை அனுப்ப வேண்டாம். ராஜா வேஷக்காரர் வந்தால் குரலை உயர்த்துவார், கையை வீசுவார். உறுப்பினர்கள் நடிப்பைப் பார்ப்பார்கள், விஷயத்தைப் பார்க்க மாட்டார்கள். கலை மனதுக்கு உணவு என்று யாராவது தொடங்கினால் அவர்கள் உடனே கடிகாரத்தைப் பார்ப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நீ வா. நீ அலங்காரமாகப் பேச மாட்டாய்.

ஒரு கேள்வி கட்டாயம் வரும்: 'பார்க்க ஆசைப்படுகிறவர்கள் காசு கொடுத்துப் பார்க்கட்டும். பார்க்காதவர் வரிப்பணத்தை ஏன் கொடுக்க வேண்டும்?' இதற்குப் பதில் வைத்திரு. கண்ணீர் வேண்டாம். பதில் வேண்டும்.

கேட்கப்போகிறவர் குழுவில் இருக்கும் மருந்துக்கடைக்காரர். சொந்தமாக மருந்துக்கடைகள் வைத்திருக்கிறார், அதனால் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். கெட்டவர் இல்லை. அவர் தொகுதி ஆஸ்பத்திரியில் நிஜமாகவே கூரை ஒழுகுகிறது, நான் போய்ப் பார்த்தேன். அவர் குழுவுக்குக் கொடுத்த எதிர்ப்புரையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் கொடுக்கக்கூடிய பொது ஆவணம், அதனால்தான் அனுப்புகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.
உன் அண்ணன்


பிப்ரவரி 16

அன்பு அண்ணா,

நான் நலம். வாய்தான் வலிக்கிறது. நீ அனுப்பிய எதிர்ப்புரையை வைத்து இங்கே தினமும் ஒத்திகை நடக்கிறது. ராஜா வேஷக்காரர்தான் மருந்துக்கடைக்காரர். தன்னைப் பேச அனுப்பவில்லை என்ற கோபத்தை எல்லாம் அந்த வேஷத்தில் கொட்டுகிறார். 'எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளி குடை பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறான்!' என்று அவர் கத்தினால் எனக்கே மானியம் வேண்டாம் என்று தோன்றுகிறது. வழக்கம்போல நடுநடுவே மறந்துவிடுகிறார். வழக்கம்போல நான் எடுத்துக் கொடுக்கிறேன். எங்களை எதிர்த்துப் பேச அவரை நானே தயார் செய்துகொண்டிருக்கிறேன்.

உன் கேள்விக்கு என் பதில் இது, பார். டிக்கெட் விலையை மூன்று மடங்காக்கினால் எங்கள் கணக்கு நேராகிவிடும். முன்வரிசை அப்போதும் நிரம்பும். பின்வரிசையில் ஆஸ்பத்திரி நர்ஸுகளும் பஸ் டிரைவர்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் உட்காருகிறார்கள். அவர்கள் வர மாட்டார்கள். அதற்குப் பிறகு அது ஊரின் அரங்கமாக இருக்காது, வசதியுள்ள சிலரின் வரவேற்பறையாகிவிடும். நூலகத்துக்குப் போகாதவரும் நூலகத்துக்கு வரி கொடுக்கிறார். வீடு பற்றி எரியாதவரும் தீயணைப்பு வண்டிக்குக் கொடுக்கிறார். நாளைக்கு அவர் பிள்ளைக்குத் தேவைப்படலாம் என்றுதானே? அரங்கமே இல்லாத ஊர்களுக்கு எங்கள் லாரி போகிறது. லாபம் பார்க்கிற எவரும் அந்த ஊர்களுக்குப் போவதில்லை. மேனேஜர் இதையெல்லாம் அறிக்கையாகத் தட்டச்சு செய்துவிட்டார். அன்றைக்கு நான் பார்த்து வாசித்தால் போதும்.

வாசிப்பதும் பயம்தான். அடுத்தவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசித்தான் எனக்குப் பழக்கம். ஒரு கூட்டமே என்னைக் கேட்டால் என்ன செய்வேன்?

போன வாரம் எத்தனை தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவே இல்லை. எழுதச் சொன்னாய், சரி. அதற்காக அடிக்கிற போனைக்கூட எடுக்கக் கூடாதா?

உன் தங்கை


பிப்ரவரி 25

அன்புத் தங்கைக்கு,

தேதி உறுதியாகிவிட்டது: மார்ச் 14, காலை அமர்வு, முதல் மாடிக் குழு அறை. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். நிருபர்கள் உட்காரும் இடம் பின்னால், தூணுக்குப் பக்கத்தில். அங்கிருந்து பார்த்தால் உன் முகம் எனக்குத் தெரியும்.

பதில் நன்றாக இருக்கிறது. தீயணைப்பு வண்டியை விட்டுவிடாதே.

போன் பற்றி: வேலை நேரத்தில் எடுப்பதில்லை.

இங்கு எல்லாரும் நலம்.
உன் அண்ணன்

(இது அண்ணி. வந்தால் ஒரு நாளாவது இங்கே தங்கிவிட்டுப் போ. உன் அண்ணனை நீ நேரில் பார்க்க வேண்டும். பார்த்தால் மட்டும் போதாது, பேச வேண்டும்.)


மார்ச் 17

அன்புத் தங்கைக்கு,

நேற்று வெளியான செய்தியின் நறுக்கு இத்துடன். மூன்றாம் பக்கம், மேல்பகுதி. குக்கருக்கு மேலே வந்துவிட்டாய்.

அன்று பேரவையில் பெரிய அமளி. மற்றப் பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் அங்கே ஓடிவிட்டார்கள். குழு அறையில் இருந்த நிருபர் நான் ஒருவன்தான். அதனால் உங்கள் செய்தி எங்கள் பத்திரிகையில் மட்டும்தான் முழுதாக வந்திருக்கிறது.

நீ நிதானமாக வாசித்தாய். பயந்ததாகத் தெரியவில்லை. மருந்துக்கடைக்காரர்கூடச் சிரித்த முகமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

உங்கள் வண்டி உடனே கிளம்பியதால் வீட்டுக்கு வர முடியவில்லை. அண்ணிக்கு வருத்தம். முழங்கால் பரவாயில்லை.

உன் அண்ணன்

நறுக்கு: "...இதையடுத்து நாடகக் குழுவின் பிரதிநிதி தமது எழுத்து அறிக்கையை வாசித்தார். 'டிக்கெட் விலையை மூன்று மடங்காக்கினால் கணக்கு நேராகும், ஆனால் பின்வரிசை காலியாகும். வீடு பற்றி எரியாதவரும் தீயணைப்பு வண்டிக்கு வரி கொடுக்கிறார்' என்று அவர் கூறினார். உறுப்பினர்கள் மகிழ்ச்சியுடன் கேட்டனர்."


ஏப்ரல் 4

அன்பு அண்ணா,

நலமா? நான் நலம். உன் கடிதமும் நறுக்கும் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நறுக்கை மேனேஜர் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். விசாரணை முடிந்த நாளிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசாத மனிதர், அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "உங்க அண்ணன் தங்கமான மனுஷன். உன் மானத்தையும் காப்பாத்திட்டார், எங்க மானத்தையும் காப்பாத்திட்டார். நீ வாயைத் திறக்காதே, இப்படியே இருக்கட்டும்" என்றார். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

எனக்கு மட்டும் அது பொருந்தவில்லை. பெற்ற அப்பாவுக்காக ஒரு வரியை மாற்றாதவன் நீ.

அதனால் அன்றைக்கு நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவைக்கிறேன். உனக்குத் தெரிந்ததாகவே இருக்கட்டும். வசனத்தைக் கேட்டபடியே திருப்பிச் சொல்வது என் தொழில்; ஒரு தடவை செய்துகொள்கிறேன்.

மருந்துக்கடைக்காரர் எதிர்ப்புரையைத் தாளைப் பார்க்காமலே பேசினார். நன்றாகவே பேசினார். "ஒரு பக்கம் ஆஸ்பத்திரிக் கூரை ஒழுகுது. மறுபக்கம்..." என்று வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், தலையைத் திருப்பி என் பக்கம் பார்த்தார். திரும்பிப் பார்த்துவிட்டாரே, அண்ணா! என் வாய் என்னைக் கேட்கவில்லை. "மறுபக்கம் நாடக மேடைக்குப் பட்டுத்திரை கேட்கிறார்கள்" என்று எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவரும் "மறுபக்கம் நாடக மேடைக்குப் பட்டுத்திரை கேட்கிறார்கள்!" என்று மேசையைத் தட்டிச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் விழித்தார்.

மெதுவாகத்தான் சொன்னேன். முன்னால் இருந்த மைக்கை மறந்துவிட்டேன். அறை முழுக்கச் சிரிப்பு. குழுத் தலைவர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யாரும்மா அது? நீங்களா சொன்னீங்க?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

"ஆமாங்க. மன்னிச்சிடுங்க. பழக்கம்."

"என்ன பழக்கம்?"

"நாடகத்துல வசனம் எடுத்துக் குடுக்கிறதுதாங்க என் வேலை. உங்க பேச்சைப் படிச்சுப் படிச்சு மனப்பாடம் ஆயிடுச்சு."

"நான் உங்களுக்கு எதிராப் பேசிக்கிட்டு இருக்கேன். அது தெரியுதில்ல?"

"வில்லனுக்கும் நான்தாங்க எடுத்துக் குடுப்பேன்."

"அப்ப நான் வில்லனா?"

"நல்ல வில்லன் இல்லாம நாடகம் ஓடாதுங்க. ஆனா அந்த வரி மட்டும் தப்பு. எங்க திரை பட்டு இல்லை. பழைய போர்வைத் துணி. ஓட்டை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், அது வழியாத்தான் மேடையைப் பார்க்கிறேன்."

மறுபடி சிரிப்பு. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கேட்டார்: "சரிம்மா, இப்படி எல்லாருக்கும் எடுத்துக் குடுக்கிற வேலைக்கு உங்களுக்கு யாரு சம்பளம் குடுக்கிறாங்க?"

"இந்த ஜூன் வரைக்கும் நீங்கதாங்க."

அதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

"அப்புறம்?" என்றார்.

"அதைக் கேக்கத்தாங்க வந்தேன்."

தலைவர் அம்மா நேரம் முடிந்தது என்று மணியை அடித்துவிட்டார். அறிக்கையில் ஒரு வரிகூட நான் வாசிக்கவில்லை, அண்ணா. டிக்கெட், பின்வரிசை, தீயணைப்பு வண்டி, எல்லாம் மடித்த தாளிலேயே என் கைக்குக் கீழே இருந்தது.

அப்புறம் வராந்தாவில் உன்னைப் பிடித்தேன். "என்னண்ணா, மானம் போச்சா?" என்று கேட்டேன். நீ என் தோளைத் தட்டி, "ரொம்ப நல்லாப் போச்சு" என்றாய். கேலி செய்கிறாய் என்று நினைத்துக்கொண்டே வண்டி ஏறினேன்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. மறந்துவிட்டது என்று நடிகருக்கே தெரிவதற்கு முன்னால் எடுத்துக் கொடுத்தால் அவருக்குக் கோபம் வரும். அவர் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். நான் காத்திருப்பேன். ஸ்டூலிலேதான் இருக்கிறேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.
உன் தங்கை


ஏப்ரல் 22

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நலம்தானே? உன் கடிதம் வந்த நாளிலிருந்து சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. எடுப்பார், படிப்பார், உப்பு டப்பாவுக்குக் கீழே வைப்பார்.

ரொம்ப நாளாகவே எனக்குத் தெரியும். டிவி சத்தம் தெருக்கோடி வரைக்கும் போகும். காது சரியாகக் கேட்கவில்லையா என்று நான் கேட்டால் "நீதான் வாய்க்குள்ள பேசுறே" என்பார். சண்டை வரும். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டேன். உனக்கு வந்த துணிச்சல் எனக்கு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அவராகவே சொன்னார். "எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்." அவ்வளவுதான். லீவு நாளென்றும் பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். அடுத்த நாள் வேறு ஓர் இடத்துக்குப் போனோம், நானும் கூடப் போனேன். மீதியை அவரே எழுதுவார், கொஞ்சம் பொறு.

உன் அண்ணி


மே 6

அன்புத் தங்கைக்கு,

உறுதியான செய்தி: என் மார்ச் 16 செய்திக்கான திருத்தம் நேற்று இரண்டாம் பக்கத்தில் வெளியானது. எழுதியவன் நானே. 'தவறுதலாக வெளியாகிவிட்டது' என்று போட்டுவிடலாம் என்றார் ஆசிரியர். 'செய்தியாளர் பேச்சைக் கேட்காமல் எழுத்து அறிக்கையை வைத்து எழுதியது பிழை' என்று போடச் சொன்னேன். உன் உதடு அசைந்தது, உன் முன்னால் தாள் இருந்தது. வாசிக்கிறாய் என்று நானாக முடிவு செய்தேன்.

திருத்தத்தோடு அன்று நடந்த பேச்சையும் முழுதாக வெளியிட்டோம். உன் கடிதத்தை ஆதாரமாக வைக்கவில்லை. நீ தங்கை, அது ஆதாரமாகாது. குழுவின் ஒலிப்பதிவை எழுத்தர் தட்டச்சு செய்திருந்தார். அதை வாங்கி ஒப்பிட்டேன். உன் கடிதத்தில் ஒரே ஒரு குறை. நீ 'மன்னிச்சிடுங்க' என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறாய்.

இன்று மதியம் சட்டமன்ற கேன்டீனில் மருந்துக்கடைக்காரர் என் மேசைக்கு வந்தார். "வில்லன் வசனம் எல்லாம் சரியா வந்திருக்கு சார்" என்றார். பிறகு உட்கார்ந்து, "எனக்குக் கூரையும் வேணும். இந்த மானியத்தை எடுத்து அதுல போட்டா ஒழுகல் அடையுமான்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு மூலைகூட அடையாது" என்றார். மனம் மாறிவிட்டதா என்று கேட்டேன். "அதை அவையில சொல்றேன்" என்றார். இதற்கு என்ன அர்த்தமும் இருக்கலாம்.

குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. மானியம் வேண்டும், வேண்டாம் என்று இரண்டு பரிந்துரைகளும் அவைக்குப் போகின்றன. செயலர் உறுதிப்படுத்தினார்.

இனி என் நலம். இடது காது பெரும்பாலும் போய்விட்டது, வலது பாதி. டாக்டர் ஒரு கருவி கொடுத்திருக்கிறார், அவரைக் கொட்டை அளவுதான் இருக்கும். எதிரில் ஒருவர் பேசினால் நன்றாகக் கேட்கிறது. பெரிய அறையில் மின்விசிறி, காகிதம், நாற்காலி எல்லாம் சேர்ந்து பேசுகின்றன. வீட்டில் ஒரு புதிய தகவல் கிடைத்திருக்கிறது: உன் அண்ணி சமையலறையில் பாடுகிறாள். எப்போதிலிருந்து என்று விசாரித்தேன். எப்போதும்தானாம்.

நீ பஸ் பிடித்து வந்து கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். எழுதியது நல்லது.

உன் அண்ணன்


மே 19

அன்பு அண்ணா,

கடிதம் கண்டு அழவில்லை. கொஞ்சம்தான்.

உன் திருத்தத்தை டிக்கெட் ஜன்னலில் ஒட்டிவிட்டார்கள். ஒட்டியவர் மேனேஜரேதான்! வாயைத் திறக்காதே என்றவர், இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் "இவங்கதான் அது" என்று என்னைக் காட்டுகிறார். பஸ் ஸ்டாண்டில் ஒரு டிரைவர் "அக்கா, என் வீட்டுல சண்டைன்னா எனக்கும் கொஞ்சம் எடுத்துக் குடுங்க, எப்பவும் பாதியில நின்னுடுறேன்" என்கிறார். ராஜா வேஷக்காரருக்குத்தான் வருத்தம். "அந்த வேஷத்தை உருவாக்கினதே நான். பத்திரிகையில என் பேரைக் காணோம்" என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சேர்த்துச் சாப்பிட்டார்.

சிரிப்பதற்கு நடுவில் ஒன்று. கட்டில்கடைக்காரர் நேற்று அளவு நாடாவோடு வந்தார். மேடையை அளந்தார், இருக்கை வரிசைகளை அளந்தார். என் ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னார். நகர்த்தவில்லை. அதைச் சுற்றி அளந்துகொண்டு போனார். அவையில் எங்களுக்கு எதிராக முடிந்தால் அடுத்த வாரமே முன்பணம் தருவாராம்.

வாக்கெடுப்பு அன்றைக்கு நான் வரட்டுமா? அங்கே வந்து ஒன்றும் செய்ய முடியாதென்று தெரியும். இங்கே இருந்தால் அந்த நாடா கண்ணில் படுகிறது.

கருவியைக் கழற்றி எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடாதே. அண்ணி பாடினால் நல்லாயிருக்கு என்று சொல். ஆதாரம் கேட்காதே.

உன் தங்கை


ஜூன் 5

அன்புத் தங்கைக்கு,

பேரவைச் செயலகம் இன்று மாலை வெளியிட்ட நிகழ்ச்சி நிரலின்படி மானியம் பற்றிய வாக்கெடுப்பு வரும் வியாழக்கிழமை நடக்கிறது. எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று கேட்டுப் பார்த்தேன். உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். மருந்துக்கடைக்காரர் வாயைத் திறக்கவில்லை. பேசுவதற்கு அவர் பெயர் கொடுத்திருப்பது மட்டும் பட்டியலில் இருக்கிறது.

நீ வா. வேலையும் இருக்கிறது.

எனக்குப் பதிலாக இளம் நிருபர் ஒருவரை அனுப்பலாமா என்று ஆசிரியர் கேட்டார். இந்தச் செய்தி வரையிலாவது நானே போகிறேன் என்றேன். சரி என்றார். அதற்குப் பிறகு நான் அவைக்குப் போவேனா, அலுவலக மேசையிலேயே உட்கார்ந்து மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவேனா என்று திங்கட்கிழமை சொல்வார்.

நிருபர்கள் மாடத்தையும் பார்வையாளர் மாடத்தையும் ஒரு மரக்கட்டைதான் பிரிக்கிறது. நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கட்டைக்கு அந்தப் பக்கம் முதல் இருக்கை உனக்கு. இந்தப் பக்கம் நான். என் வலது காது உன் பக்கம் இருக்கும். எனக்கு ஏதாவது தவறிப்போனால் உன்னைத் திரும்பிப் பார்ப்பேன். அப்போது மட்டும் எடுத்துக் கொடு, முந்திக்கொள்ளாதே. அங்கே மைக் கிடையாது, பயப்பட வேண்டாம். நீ சொல்வதை அப்படியே எழுதிவிட மாட்டேன், பேரவைப் பதிவோடு ஒப்பிடுவேன். கோபித்துக்கொள்ளாதே. எதிர்த்துப் பேசுகிறவர்கள் சொல்வதையும் ஒரு சொல் விடாமல் சொல்ல வேண்டும். உனக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அண்ணி நலம். பாட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். நிறுத்திவிட்டாள். இரண்டு நாள் கழித்து மறுபடி தொடங்கியிருக்கிறாள்.

இன்னும் தெரியாதவை: அவையின் முடிவு, வியாழன் காலை பதினொரு மணிக்கு மேல். என்னைப் பற்றிய முடிவு, திங்கள். உன் பஸ், புதன் மாலை ஆறரை என்று போட்டிருக்கிறார்கள், தாமதமாகலாம். நிலையத்தில் நிற்பேன். கூட்டத்தில் பின்னாலிருந்து என்னைக் கூப்பிடாதே. முன்னால் வந்து நில்.

உன் அண்ணன்